மல்லாட்டை (வேர்க்கடலை) நிலத்துக்குக் காட்டாமணக்கு வேலி சரிப்படுமா?

ஒடுகத்தூர் வெள்ளாமை
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம், மானாவாரியில் மல்லாட்டை போடுகிறோம். தொல்லை ஆடுதான். செடி பூவெடுக்கும் நேரமாகப் பார்த்து மந்தை உள்ளே வந்து ஒரு ஓரத்தையே மொட்டையடித்துவிட்டுப் போகிறது. கல்தூண், கம்பி, கூலி என்று கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. காட்டாமணக்கை ஆடு தொடாது, அதையே வேலியாக நடு என்கிறார்கள். குச்சி நடுவதா, விதை போடுவதா, எவ்வளவு நெருக்கமாக? அப்புறம் இன்னொருவர், கொட்டையை டீசல் எண்ணெய்க்கு வாங்கிக்கொள்வார்கள், நிலம் முழுக்கவே போட்டுவிடு என்கிறார். அதையும் கேட்கலாமா?

பாலாற்றங்கரை
வேலிக்குத் தாராளமாக நடலாம் தம்பி. ஆடு மாடு இலையில் வாய் வைக்காது, அது உண்மை. ஆனால் இதில் முள் கிடையாது, சந்து இருந்தால் ஆடு புகுந்து மல்லாட்டைக்குப் போய்விடும், அதனால் நெருக்கம்தான் முக்கியம். ஒரு சாணுக்கு ஒரு குச்சி, இரண்டு வரிசை, முன்வரிசைச் சந்துக்கு நேராகப் பின்வரிசைக் குச்சி வருகிற மாதிரி. கட்டைவிரல் மொத்தத்துக்குக் குறையாத முற்றின குச்சியாக வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காய்கிறவரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்து, ஆடி மழைக்கு முன்னாடி ஊன்றிவிடுங்கள். விதையில் வந்த செடிக்கு ஆணிவேர் இறங்கும், வறட்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் வேலியாக நிமிர நாளாகும். குச்சி சீக்கிரம் எழும்பும். இடையிடையே கிளுவையும் ஊன்றினால் முள்ளும் கிடைத்துவிடும்.

தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் மட்டும் வேண்டாம், வேர் அழுகிவிடும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும், பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள், மழை விழுந்ததும் துளிர்க்கும். வருடம் ஒருதரம் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் பக்கத்தில் கிளைத்து அடரும், வெட்டின தழையை நெல் வயலில் போட்டு மிதித்துவிடலாம். வெட்டும்போது பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பால் பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

ஆரணி ரோடு
வேலிக்கு அண்ணன் சொன்னதே போதும். நிலம் முழுக்கப் போடுகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 2003-இல் திட்டக்குழு அறிக்கை இந்தச் செடியைத் தூக்கிப் பிடித்தது, 2009-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பது என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கின் கிட்டேகூடப் போகவில்லை. கொட்டையில் எண்ணெய் முப்பது சதவீதத்துக்கு மேல் இருப்பது வாஸ்தவம், கொட்டை வந்தால்தானே? ஒரு பூங்கொத்தில் ஆண்பூ ஏராளம், பெண்பூ சொற்பம், அதோடு எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது, ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், பறிகூலியே தின்றுவிடும். தரிசில் பிழைக்கும் என்பது சரி, ஆனால் காய்க்க வைக்கத் தண்ணீரும் எருவும் வேண்டும். அதைக் கொடுக்க வழியிருந்தால் மல்லாட்டையே மூட்டை கூடுதலாகக் கொடுக்குமே.

வேலியில் விழுகிற கொட்டையைச் சேர்த்து ஆட்டினால் விளக்குக்கும் சோப்புக்கும் ஆகும். ஆனால் சமையல் எண்ணெய் ஆட்டுகிற செக்கில் இதைக் கொண்டுபோய்ப் போடவே கூடாது. புண்ணாக்கு வயலுக்கு நல்ல உரம், மாட்டுக்கு வைத்தால் மாடு செத்துப்போகும்.

அணைக்கட்டு அக்கா
வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? நட்டால் முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். இலைக்காம்பை ஒடித்துப் பாலில் முட்டைவிட்டு ஊதி விளையாடுவார்கள், அப்படியே கொட்டையையும் உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பு கசக்காது, கிட்டத்தட்ட மல்லாட்டை ருசிதான், அதனால் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று படுத்துவிடும். வறுத்தாலும் நஞ்சு முழுக்கப் போகாது. தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவே வேண்டாம், நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், மிச்சக் கொட்டையையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒடுகத்தூர் வெள்ளாமை
ரொம்ப நன்றி, அக்கா சொன்னதை யாருமே சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பாதை பக்கம் மட்டும் முழுக்கக் கிளுவையே வைத்துவிடுகிறேன். மற்றபடி எங்கள் ஏரிக்கரையில் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக்கிடக்கிறதே, குச்சியை அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாமா?

பாலாற்றங்கரை
ஐயோ, அது நெய்வேலிக் காட்டாமணக்கு, இந்த இனமே இல்லை. புனல் மாதிரி பெரிய பூ பூக்கும், அதைக் கொண்டுவந்தால் வாய்க்கால் முழுக்கப் படர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியதன் பூ பொடிப்பொடியாக மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காய் நெல்லிக்காய் அளவில், உடைத்தால் மூன்று கறுப்புக் கொட்டை. சந்தேகமாக இருந்தால் ஒரு கிளையைக் காயோடு ஒடித்துப்போய் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.