பழைய பாத்திரக் கடையில் சிக்கிய காசு: நெல்லைப் பக்கத்துல பழைய காசு சேர்க்கிற நாலு ஊர்க்காரங்களோட அனுபவங்கள்

டவுன்
ரத வீதிப் பக்கம் பழைய பாத்திரக் கடை. தராசுக்குப் பின்னால ஒரு எவர்சில்வர் தட்டு, எதை எடுத்தாலும் 20 ரூபாய். காலணா, ஓட்டைக் காலணா, நயா பைசா எல்லாம் கலந்து கெடந்துச்சு. அடியில 1947 புலி ரூபாய், அதாவது புலிப் படம் போட்டது. காந்தத்தைக் காட்டினதும் டக்குனு ஒட்டிக்கிச்சு. டூப்ளிகேட்டுன்னு திரும்பத் தட்டுலயே போட்டாச்சு. மறுநாள் பாத்தா அது மட்டும் இல்ல.

பாளையங்கோட்டை
அண்ணாச்சி, ஒட்டினா போலின்னு யாரு சொன்னது? 1947 ரூபாய் நிக்கல். ஒட்டத்தான் செய்யும், ஒட்டலேன்னாதான் சந்தேகப்படணும். 1946, 47 அரை ரூபாயும் கால் ரூபாயும் அப்படித்தான். நீங்க சொல்லுத கணக்கு வெள்ளி ரூபாய்க்கு. விக்டோரியாவுல இருந்து ஐந்தாம் ஜார்ஜ் வரை 11.66 கிராம், காந்தம் ஒட்டவே கூடாது. அதுக்காக ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்ல. ஈயமும் பித்தளையும்கூடத்தான் ஒட்டாது. 1940-45 ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கும் எடை அதேதான், ஆனா வெள்ளி பாதிதான்.

0.01 கிராம் காட்டுத சின்னத் தராசு ஒண்ணு பையில கெடக்கட்டும். ஏழாம் எட்வர்டு ராஜா காலத்துக் காலணாவுல 1906 போட்டது ரெண்டு வகை: செம்பு 6.47 கிராம், வெண்கலம் 4.86. கண்ணால பாத்துச் சொல்றது கஷ்டம்.

மேலப்பாளையம்
ஒரு காசு: ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. "அரிசியைத் தன் பக்கம் இழுக்குற சக்தி இருக்கு"ன்னு 5000 ரூபாய் சொன்னாரு கடைக்காரர். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. பிற்காலத்துப் பித்தளை வில்லை, அவ்வளவுதான். 1616, 1717னு போட்டு வாரதும் இதே சரக்கு.

செங்கோட்டை
1956 வரைக்கும் மலையாளத்து சர்க்காரோட இருந்த ஊரு, அதனால இங்க திருவிதாங்கூர்ச் சங்குக் காசு தட்டுப்படும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கருப்பட்டி நிறத்துல அருமையான ஒரு சக்கரம். விலை பேசிக்கிட்டு இருக்கும்போதே கடைக்காரர் புளியை எடுத்துத் தேய்ச்சிட்டாரு. "இப்பப் பாருங்க, எப்படி மின்னுது!" சங்கு ரோஸ் கலர்ல பல்லிளிச்சுது.

புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ பாலிஷ் எதுவுமே ஆகாது. அந்தப் பழுப்புதான் செம்புக்குத் தோல். உரிச்சா திரும்ப வராது, வாங்குறவன் பாதி விலைகூடக் கேக்க மாட்டான். மண் ஒட்டியிருந்தா டிஸ்டில்ட் வாட்டர்ல ரெண்டு நாள் போட்டு வைங்க, தண்ணிய மட்டும் தினம் மாத்தணும். தேய்க்காம பருத்தித் துணியில ஒத்தி எடுங்க. எண்ணெய்ப் பிசுக்குக்கு சுத்தமான அசிட்டோன், அடுப்புப் பக்கம் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர்ல வாசனை, கலர் எல்லாம் கலந்திருக்கும், அதுவும் ஆகாது. பொடிப்பொடியா உதிருத பச்சைக் களிம்பு இருந்தா மத்த காசுகளோட சேர்க்காதீங்க. பிவிசி கவர்ல போட்டா கொஞ்ச வருஷத்துல காசு மேல பச்சையா பிசுபிசுன்னு படியும். மைலார்ங்கிற பிளாஸ்டிக் தாள் ஒட்டின அட்டை ஹோல்டர் போதும். பிடிக்கும்போது விளிம்புல பிடிங்க, விரல் ரேகை செம்புல அப்படியே பதிஞ்சிரும்.

டவுன்
புளியைப் பத்தி இங்க யாருவே கேட்டா? அந்தப் புலிய எடுத்துட்டுப் போனது யாருன்னுதான் கேக்கேன்.