மறு: பீச் வாலிபால் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சேலத்திலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில், மாணவியர் விடுதிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில், இரண்டு பீச் வாலிபால் களங்கள் கட்டப் போகிறார்கள். அடுத்த வாரம் அடிக்கல் நாட்டு விழா. அழைப்பிதழ், கல்வெட்டு, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு மூன்றுக்கும் தமிழ் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கல் வெட்டுபவர் வெள்ளி காலைக்குள் கேட்கிறார். பலகை மூன்றடி அகலம்தான். விருந்தினர் பெயர்களும் பட்டங்களும் போக எனக்குக் கிடைப்பது ஒரே வரி.

‘கடற்கரைக் கையுந்துபந்து ஆடுகளம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் படித்துப் பார்த்தவர், “சேலத்துல ஏதும்மா கடற்கரை?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. என்ன எழுதலாம்?

மதுரையிலிருந்து:

அம்மா, நான் உடற்கல்வி ஆசிரியர். பையன்கள் ‘பீச் வாலி’ என்கிறார்கள். அப்படியே எழுதிவிடுங்கள். சர்வீஸ், ஸ்மாஷ், லிஃப்டர் எல்லாம் ஊர்த் திடலில் ஆங்கிலத்திலேயே ஓடும்போது பெயர்ப்பலகை மட்டும் எதற்குத் தனித்தமிழில் நிற்க வேண்டும்?

முடியாது என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள், ‘கைப்பந்து’ வேண்டாம். நாளிதழ்கள் வாலிபாலையும் கைப்பந்து என்கின்றன, ஹேண்ட்பாலையும் கைப்பந்து என்கின்றன. ஒருமுறை போட்டிச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு ஒரு பள்ளி ஹேண்ட்பால் அணியோடு வந்து இறங்கியது. பாடப்புத்தகத்தில் உள்ள ‘கையுந்துபந்து’ பரவாயில்லை. பந்தைப் பிடிக்கக் கூடாது, எறியக் கூடாது, உந்தத்தான் வேண்டும். விதியே பெயரில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இலங்கையில் 1991 முதல் வாலிபால்தான் தேசிய விளையாட்டு. எங்கள் ஊர்களில் கோயில் திருவிழா எப்படியோ அப்படியே சுற்றுப்போட்டியும் நடக்கும். நாங்கள் சொல்வது கரப்பந்தாட்டம். கடற்கரைக் கரப்பந்தாட்டம் என்று பத்திரிகைகளிலும் வருகிறது, ஒருவருக்கும் குழப்பமில்லை. இருக்கிற சொல்லை எடுத்துப் பாவிக்காமல் ஏன் இந்தக் கரைச்சல்?

தஞ்சாவூரிலிருந்து:

யாழ்ப்பாணத்து நண்பர் பொறுத்தருள்க. ‘கரம்’ வடசொல். ‘கை’ என்ற ஓரெழுத்தொருமொழி நம்மிடம் இருக்கக் கரத்தைக் கடன் வாங்குவானேன்?

சேலத்து அம்மையாரின் கேள்வியை இன்னும் அடியிலிருந்து பார்க்க வேண்டும். இது மணலில் ஆடும் ஆட்டம். மணலில் ஆடுவதற்குத் தமிழில் ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறது: வண்டல். சங்க மகளிர் கடற்கரை மணலில் வண்டல் அயர்ந்தார்கள், அதாவது மணற்பாவை செய்து விளையாடினார்கள். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். ‘வண்டற் பாவை வௌவலின்’, அதாவது மணலில் செய்த பாவையைக் கடல் கொண்டுபோன கோபத்தில், நுண்பொடியை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். நெய்தல் நிலம், மணல், பெண்கள், விளையாட்டு எல்லாம் ஒரே சொல்லில். களமும் மாணவியர் விடுதிக்குப் பின்னால்தானே வருகிறது! ‘வண்டற்பந்து’ என்று வையுங்கள். நான்கே எழுத்துச் சொல்லோடு பந்து. கல்லிலும் இடம் மிச்சம்.

பந்துக்கும் குறைவில்லை. சிலப்பதிகாரத்தில், கந்துகவரி என்ற பந்தாட்டப் பாட்டில், ‘சென்று பந்தடித்துமே’ என்று மகளிர் பாடுகிறார்கள். ஆனால் ‘கந்துகம்’ வேண்டாம், அதுவும் வடக்கிலிருந்து வந்ததே.

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, நான் கட்டடப் பொறியாளன். இலக்கியத்தில் தலையிடவில்லை. ஆனால் இந்தச் சொல் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலும் வரப்போகிறது என்பதால் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கு வண்டல் என்றால் ஏரியிலிருந்து அள்ளும் சேறு. இந்தக் களத்துக்கு வரும் மணலில் இருக்கவே கூடாத பொருள் அதுதான். வண்டலும் களிமண்ணும் கலந்திருந்தால் ஒரு மழைக்கே இறுகிக் காரை போட்ட தரையாகிவிடும். குதித்து விழுகிற பிள்ளையின் முட்டி என்ன ஆகும்? தலைப்பில் ‘வண்டற்பந்துக் களம்’ என்றும், உள்ளே ‘வண்டல் கலந்த மணல் நிராகரிக்கப்படும்’ என்றும் எழுதினால் ஒப்பந்தக்காரர் நேரே நீதிமன்றம் போவார்.

வேலையையும் கொஞ்சம் சொல்கிறேன், சொல் பிடிக்க உதவலாம். உள்ளரங்கு வாலிபால் களம் 18-க்கு 9 மீட்டர். இது 16-க்கு 8. சுற்றிலும் 3 மீட்டராவது வெற்றிடம் விட்டால் 22-க்கு 14. மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் களம் ஒன்றுக்கு 123 கனமீட்டர், நம் லாரிக்கணக்கில் (100 கன அடி ஒரு யூனிட்) 43 யூனிட்டுக்கு மேல். இரண்டையும் தனித்தனியாகக் கட்டினால் 87 யூனிட். அடியில் ஜல்லி, துளைபோட்ட வடிகால் குழாய், அதன்மேல் துணி விரிப்பு, பிறகுதான் மணல். எம்-சாண்ட் போட்டு ஒப்பேற்ற முடியாது. உடைத்த கல்லுக்குக் கூர்முனை உண்டு, காலைக் கிழிக்கும். உருண்ட மணியாக, கழுவிச் சலித்ததாக வேண்டும். கடற்கரையில் போய் அள்ளி வரலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். கரையோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் இருக்கிறது.

ஆக, இந்த பீச்சில் கடலும் இல்லை, கடற்கரை மணலும் இல்லை. மணல் மட்டும் உண்மை. ‘மணல் வாலிபால்’ என்று போட்டால் என்ன?

டாலஸிலிருந்து:

கோவைக்காரர் சொன்னதை அமெரிக்கர்களே முயன்று பார்த்திருக்கிறார்கள். இங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, மகளிருக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது அதிகாரப்பூர்வமாக ‘சாண்ட் வாலிபால்’ என்றுதான் பெயர் வைத்தது. கடலே இல்லாத மாநிலங்களின் கல்லூரிகளும் சேர வேண்டுமே! ஆனால் 2015-இல் அதை ‘பீச் வாலிபால்’ என்று மாற்றிவிட்டார்கள். ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவிலிருந்து அந்தப் பெயர்தான் என்பதால் இருக்கும் என்று நினைக்கிறேன். மறு ஆண்டே முதல் தேசியப் போட்டியும் நடந்தது.

அதனால் நான் கடற்கரைக் கட்சி. பெயர் என்பது பிறந்த இடம். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலும் ஹவாய்க் கரையிலும் வளர்ந்த ஆட்டம் இது. எங்கள் பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்திலிருந்து கடலுக்குப் போக அரை நாள் கார் ஓட்ட வேண்டும். அங்கிருக்கும் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்தான் 2025-இல் தேசியப் பட்டம் வென்றது. அவர்களிடம் ‘பீச் எங்கே’ என்று யாரும் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து:

அங்கே கேட்கமாட்டார்கள், இங்கே கேட்பார்கள். ஆங்கிலத்தில் பீச் என்பது அந்த ஆட்டத்தோடு ஒட்டித் தேய்ந்துபோன சொல். 2012-இல் லண்டனில் குதிரைப்படை அணிவகுப்புத் திடலில் மணலைக் கொட்டி ஆடினார்கள், 2024-இல் பாரிசில் ஐஃபல் கோபுரத்தடியில். யாருக்கும் உறுத்தவில்லை. தமிழில் ‘கடற்கரை’ இன்னும் அப்படித் தேயவில்லை. சொன்னவுடன் சுண்டலும் பட்டாணியும்தான் ஞாபகம் வரும். நான் பீச் வாலி கட்சியிலிருந்து மணல் கட்சிக்கு வருகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

வண்டலைக் கைவிடுகிறேன், மனமில்லாமல். ஆனால் ‘எக்கர்’ என்று ஒரு சொல் உண்டு. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடு. ‘எக்கர் ஞாழல்’ என்றே ஐங்குறுநூற்று ஞாழற்பத்தின் பாட்டுகள் தொடங்கும். எக்கர்ப்பந்து?

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, ஒப்பந்தக்காரர் நில அளவை ஏக்கர் என்று படித்துவிட்டு விலை போடுவார்.

தஞ்சாவூரிலிருந்து:

சரி, மணல்தான் என்றால் புணர்ச்சியையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். ‘லள வேற்றுமையில் றடவும்’ என்பது நன்னூல்; வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். மணலில் ஆடும் கையுந்துபந்து ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆகவே ‘மணற்கையுந்துபந்து’. வேற்றுமையல்லாத அல்வழியாக இருந்தால் உறழலாம், அதாவது இரண்டு விதமாகவும் எழுதலாம்; இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஆடுகளத்தைத் திடல் என்று மாற்றினால் இன்னும் அழகு: மணற்றிடல்.

சேலத்திலிருந்து:

ஐயா, ‘மணற்றிடல்’ என்று எழுதி இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாற்றுத்திறனாளிகளுக்கான இடமா மேடம்?” என்றாள்.

புணர்ச்சி விதிக்கு ஒரு மறுப்பும் இருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் மணல்மேடு என்று ஊரே இருக்கிறது. அதே நூற்பாப்படி, மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகி, அது ‘மணன்மேடு’ ஆக வேண்டும். பேருந்துப் பலகையில் யாரும் அப்படி எழுதவில்லை, பேருந்தும் ஊருக்குப் போய்ச் சேர்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:

ஊர்ப்பெயர் மரூஉ, வழக்கில் திரிந்தது. கலைச்சொல் நாம் அறிந்தே ஆக்குவது. அறிந்தே பிழை செய்யலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘கரம்’ வடசொல் என்று தள்ளிய ஐயா, பத்து எழுத்தில் ‘மணற்கையுந்துபந்து’ தருகிறார். எங்கள் வர்ணனையாளர் ஒலிவாங்கியில் அதைச் சொல்லி முடிக்கும்போது பந்து நிலத்தில் விழுந்திருக்கும். ‘மணற் கரப்பந்து’. சின்னதாக, பழகின வாயோடு. றகரமும் போட்டிருக்கிறேன், ஐயாவுக்கு மகிழ்ச்சிதானே?

மதுரையிலிருந்து:

யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்வது வாய்க்கு லேசாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கரப்பந்து என்றால் முதலில் கரப்பான்பூச்சி நினைவு வரும். சிரிப்பார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், வளாகத்தில் ஒரு பெயர் என்று ஆகவும் கூடாது.

இன்னொன்று. இது உள்ளரங்கு ஆட்டத்தை மணலுக்கு மாற்றியது மட்டுமல்ல. அணிக்கு இரண்டு பேர், மாற்று ஆட்டக்காரர் கிடையாது. நடுக்கோடு இல்லை. வலையருகே தடுக்கும் பிளாக்கில் பட்டாலே முதல் தொடுகையாக எண்ணுவார்கள். விரல் நுனியால் தட்டிவிடவும் முடியாது. ஏழு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும், காற்றும் வெயிலும் இரண்டு பேருக்கும் சமமாக. இதையெல்லாம் பெயரில் ஏற்ற முடியாது. அதனால் ‘மணல்’ என்று அடையாளம் காட்டினால் போதும். அப்புறம், தயவுசெய்து களத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டுவிடாதீர்கள். சாயங்கால வெயில் ஒரு பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணிலேயே அடிக்கும். வடக்கு தெற்காக இருக்கட்டும்.

சேலத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. திசை விஷயத்தை வரைபடம் போடுகிறவரிடம் சொல்லிவிட்டேன். இதுவரை யாருக்கும் தோன்றவில்லையாம், களம் கிழக்கு மேற்காகத்தான் இருந்தது. திருப்பிப் போடுகிறார்கள்.

கல்லுக்கு ‘மணல் கையுந்துபந்து ஆடுகளம்’ என்று அனுப்பிவிட்டேன். மதுரை, கோவை, நான் என மூன்று பேர் ஆதரவு. டாலஸ்காரர் எதிர்ப்பு. ஒப்பந்தப்புள்ளியில் மட்டும் முதல் தடவை ‘பீச் வாலிபால்’ என்றும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன், விலை போடுகிறவர்களுக்குப் புரிய வேண்டும்.

டாலஸிலிருந்து:

எதிர்ப்பு பதிவாகட்டும். கொஞ்ச காலம் கழித்து நீங்களும் மாற்றத்தான் போகிறீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கல்லில் வெட்டினால் மாற்றுவது கஷ்டம். நாங்கள் கரப்பந்தே ஆடிக்கொண்டிருக்கிறோம்.

தஞ்சாவூரிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், லகரத்துக்கு அல்ல. கல் வெட்டுபவர் இன்னும் தொடங்கவில்லை என்றால் ஒரு புள்ளி எழுத்தை மாற்றுவதில் அவருக்கு என்ன சிரமம்? புள்ளி என்றதும் நினைவு வருகிறது, ‘ஒப்பந்தப்புள்ளி’யில் இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? எனக்கு ஓர் ஊகம் உண்டு. தனி இழையில் எழுதுகிறேன்.