ரன்னுக்கு ரன் நேரம் கூடுகிறது: இடைவெளியில் என்ஜினை எப்படி ஆற வைப்பது?

பச்சைலைட்:
வணக்கம். டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) ஓட்டுகிறேன். 2.0 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ இல்லாத வண்டி. அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்பகுதி), பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப், ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன். 402 மீட்டரில் முதல் ரன் அருமையாக வருகிறது. அரை மணி நேரம் கழித்து அடுத்த ரன் போனால் கால் வினாடி வரை கூடுகிறது, மூன்றாவது அதைவிட மோசம். இடைவெளியில் பானெட்டைத் திறந்து, என்ஜினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுகிறேன். ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் மறுபடி மேலே போய்விடுகிறது. ஐஸ் வை, தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்று என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பழையபிஸ்டன்:
ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றீர்களே, விஷயமே அங்கேதான். என்ஜின் நின்றால் பெல்ட் பம்பும் நின்றுவிடும். ஃபேன் ஆற வைப்பது ரேடியேட்டருக்குள் தேங்கிய தண்ணீரை மட்டும்தான். ஹெட்டில் இருக்கும் தண்ணீர் அசையாமல் கிடந்து, சுற்றியுள்ள உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அணைத்தபின் சில நிமிடம் வெப்பம் இறங்காமல் ஏறுகிறது.

எலக்ட்ரிக் வாட்டர் பம்புக்கு மாறுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது பம்பும் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டும் பேட்டரியை உறிஞ்சும், பிட்டில் (ரன்னுக்கு நடுவே வண்டி நிற்கும் இடம்) சார்ஜர் மாட்டிவிடுங்கள்.

நாலாம்கியர்:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் போதுமே ப்ரோ, எதற்கு இவ்வளவு செலவு?

பழையபிஸ்டன்:
பெல்ட் பம்பை வைத்துக்கொண்டு கழற்றினால், அணைத்தபின் தண்ணீர் ஓடாது என்ற சிக்கல் அப்படியே இருக்கும். காலையில் முதல் ரன்னுக்கு என்ஜின் சூடேறவும் நேரமாகும். எலக்ட்ரிக் பம்ப் போட்டால் கதை வேறு. 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருந்தால், அதற்குக் கீழே வந்ததும் மூடிக்கொண்டு ஓட்டத்தை அடைத்துவிடும். அப்போது கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் துளையிட்ட ரெஸ்ட்ரிக்டர் தட்டு போடுவது வழக்கம்.

ரெவ்லிமிட்டர்:
தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள். லாக் (சென்சார் அளவுகளின் பதிவு) எடுத்தீர்களா? ஸ்டார்ட் லைனில் இன்டேக் ஏர், அதாவது என்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பம் எவ்வளவு?

பச்சைலைட்:
இருக்கிறது. முதல் ரன்: தண்ணீர் 78, இன்டேக் ஏர் 38. மூன்றாவது ரன்: தண்ணீர் 98, இன்டேக் ஏர் 61. இக்னிஷன் டைமிங்கும் (ஸ்பார்க் எவ்வளவு முன்கூட்டி அடிக்கிறது என்பது, கிராங்கின் கோணத்தில்) மூன்றாவதில் 4 டிகிரி குறைவாக ஓடியிருக்கிறது.

ரெவ்லிமிட்டர்:
சூடான காற்றும் அந்த 4 டிகிரியும்தான் உங்கள் நேரத்தைத் தின்கின்றன. காற்று 38-லிருந்து 61-க்குப் போனால் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். அதோடு ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நாக்கிங்குக்கு (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) பயந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு பக்கமும் அடி.

இதில் இன்னொன்றும் உண்டு. இன்டேக் ஏர் சென்சார் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) மாட்டியிருந்தால், 61 என்பது காற்றின் சூடாக இல்லாமல், சென்சார் உட்கார்ந்திருக்கும் உலோகத்தின் சூடாகவும் இருக்கலாம். மேப் சென்சாரை (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) நம்பி ஓடும் ஈசியூ என்றால், காற்று குறைவு என்று கணக்குப் போட்டு பெட்ரோலையும் குறைக்கும், மிக்சர் லீன் ஆகும். சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள குழாய்க்கு மாற்றிப் பாருங்கள், மாற்றினால் ட்யூனையும் சரிபார்க்க வேண்டும். மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே சூடு கடத்தாத ஃபீனாலிக் ஸ்பேசர் போடலாம். வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். இதற்குக் காசே வேண்டாம், ஆனால் பலன் நிறைய.

பச்சைலைட்:
சென்சார் மேனிஃபோல்டில்தான் இருக்கிறது. அப்போ ஐஸ்?

ரெவ்லிமிட்டர்:
மேனிஃபோல்ட் மேல் வைக்கலாம். ஐஸைக் கெட்டியான பையில் கட்டி, துண்டில் சுற்றி, ரன்னர் குழாய்கள் மேல் படிகிற மாதிரி வையுங்கள். ரன்னுக்குக் கூப்பிடும் முன் எடுத்துவிட்டு, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். டயருக்கடியில் தண்ணீர் சொட்டினால் உங்களுக்கும் ஆபத்து, பக்கத்து லேனில் வருபவருக்கும் ஆபத்து. சூடான ஹெட் மேலோ எக்ஸாஸ்ட் மேலோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விழும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் அழுத்தம் முகத்தில் அடிக்கும்.

பழையபிஸ்டன்:
கிளைக்கால் கலந்த கூலண்ட் இருந்தால் அதையும் பாருங்கள். ட்ராக்கில் கொட்டினால் வழுக்கும், துடைப்பதும் கஷ்டம், அதனால் பல ட்ராக்குகளில் அனுமதிப்பதில்லை. வெறும் தண்ணீரோடு துருத்தடுப்பான் போதும். சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீர்தான் மேல். உறையும் குளிரில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் மட்டும் வடித்துவிடுங்கள்.

அப்புறம், ஆயிலை ஆற வைக்க வேண்டாம். குளிர்ந்த ஆயில் கெட்டியாகி பவரைத் தின்னும். பெரிய ரேஸ் டீம்கள் ரன்னுக்கு முன் ஆயிலைச் சூடுபடுத்தவே செய்கின்றன. மேனிஃபோல்ட் குளிர்ச்சியாக, தண்ணீர் மிதமாக, ஆயில் சூடாக இருக்க வேண்டும்.

நாலாம்கியர்:
தண்ணீர் எத்தனை டிகிரியில் லைனுக்கு வர வேண்டும்?

பழையபிஸ்டன்:
என்ஜினுக்கு என்ஜின் மாறும். பச்சைலைட்டுக்கு 78-ல் நல்ல நேரம் வந்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு ரன்னுக்கும் அதே எண்ணில் பர்ன்அவுட்டை (ரன்னுக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவது) தொடங்குங்கள். பிராக்கெட் ரேஸில் (முன்கூட்டிச் சொன்ன நேரத்துக்கு நெருக்கமாக ஓட்ட வேண்டிய போட்டி) 5 டிகிரி கம்மியாக இருப்பதைவிட, ரன்னுக்கு ரன் மாறாமல் இருப்பதுதான் ஜெயிக்க வைக்கும்.

பச்சைலைட்:
பம்ப் வர நாளாகும். அதுவரை ஐஸும் தள்ளிக்கொண்டு போவதும் என்று ஓட்டினேன். மூன்றாவது ரன்னில் இன்டேக் ஏர் 45-க்கு வந்தது, டைமிங் 1 டிகிரி மட்டும் பின்னால். நேரமும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆட்டோ கியர்பாக்ஸ் என்பதைச் சொல்லவில்லை, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

ரெவ்லிமிட்டர்:
கட்டாயம். டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினையும் ஆட்டோ கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது) லாஞ்சில், அதாவது கிளம்பும்போது, ஏகத்துக்குச் சூடாகும், ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) மெலிந்தால் லாஞ்ச் ஆர்பிஎம் மாறும். ஃபேன் வைத்த தனி கூலர் போட்டு, கியர்பாக்ஸ் அடியில் உள்ள ஆயில் பானில் ஒரு டெம்பரேச்சர் சென்சார் மாட்டுங்கள். அந்த லாக்கையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.