மறுமொழி: ‘கதிக்குதிரை’ வேண்டாம், ‘அலுங்காநடை’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேலிருப்பவரைக் குலுக்காத தனி நடையுள்ள குதிரைகளைப் (ஆங்கிலத்தில் ‘gaited horse’) பழக்குவது பற்றிய நம் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். தங்கச்சி இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘பயிற்றுநடைக் குதிரை’ அல்லது ‘கதிக்குதிரை’ என்று போடலாமா?

தங்கச்சி, எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட் என்ற நடை, பாசோ ஃபீனோ என்ற குதிரை இனத்தின் நடை எல்லாம் பிறவியில் வருபவை. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு திரிபுக்கும் இத்தகைய நடைகளுக்கும் தொடர்பு உண்டென்று 2012இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயிற்சி அந்த நடையைத் துலக்கும், உண்டாக்காது. ‘பயிற்றுநடை’ என்றால் பொருளே மாறிவிடும்.

‘கதி’ நல்ல பழைய சொல். குதிரையின் ஐங்கதி என்று முன்னோர் சொன்னதுதான். ஆனால் மட்டக்களப்பில் ‘கெதியா வா’ என்றால் விரைந்து வா என்று பொருள். நம் பிள்ளைகள் காதில் அது வேகம் என்றே விழும். இந்தக் குதிரைகளைக் கெடுப்பதே அவசரம். விரட்டினால் முதுகு விறைத்து, ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஒன்றாக விழத் தொடங்கும். ‘டக் டக் டக் டக்’ என்று கேட்ட நாலடி ‘டடக், டடக்’ என்று ஈரடியாகிவிடும். அதற்கு ‘ஒருபுறநடை’ போதும்.

சரி, நல்ல நடைக்கு என்ன பெயர்? சாதாரணக் குதிரை சிற்றோட்டத்தில் நாலு காலையும் தரையிலிருந்து எடுத்து விழுகிறது; மேலிருப்பவர் குலுங்குகிறார். இந்தக் குதிரைக்கு ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். ‘ஊன்றுநடை’ என்று முதலில் எழுதி அழித்தேன்; ஊன்றுகோல் நினைவு வந்து குதிரை நொண்டியாகிறது. அப்புறம்தான் ‘அலுங்காமல் குலுங்காமல்’ என்று நாம் நாள்தோறும் சொல்வது மனதில் பட்டது. அலுங்காநடை. குதிரைக்கு, அலுங்காநடைக் குதிரை. விளக்கம் இல்லாமலே புரிகிறது.

குதிரையின் சமநிலைக்கு (balance) என்ன சொல் என்று நம் குழுவில் ஐயா கேட்டிருந்தார். ‘சமநிலை’ இருக்கட்டும், ஆனால் அது குலைவதற்கும் ஒரு சொல் வேண்டும். அது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிலில் நெல் மூட்டைகளை முன்னே தள்ளி அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தில் அழுந்தும்; ‘முன்பாரம்’ என்று சொல்லி ஒரு மூட்டையைப் பின்னே இழுத்து வைப்பார்கள். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்கால்களில்தான். ஆள் ஏறினால் இன்னும் முன்னே சரியும். பயிற்சியில் பாதி, பின்கால்களை வயிற்றின் கீழ் கொண்டுவந்து இந்த முன்பாரத்தைக் குறைப்பதுதான். வட்டமாக நடத்துவது, சரிவில் மெதுவாக ஏற்றுவது எல்லாம் அதற்காக.

அடுத்தது, குதிரையின் அடிகள் சீராக விழுவதை (rhythm) ‘லயம் என்பதா, தாளம் என்பதா’ என்ற கேள்வி. நான் தாளத்தின் பக்கம். கூத்துப் பழகியபோது கால் தப்பினால், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிடுவார். பிறகு அதே தாளக்கட்டை ஆறுதலாக, வாயால் சொல்லித் தொடங்குவார். நாங்கள் வெறுங்காலால் மண்ணில் ஒவ்வோர் அடியாக மிதிப்போம். குதிரைக்கும் அதே வழிதான். நாலடி கலைந்தவுடன் வெறும் நடைக்கு இறக்கி, அடி சீரானதும் சில எட்டுகள் மட்டும் அலுங்காநடை கேட்க வேண்டும். தரையில் இடைவெளிவிட்டுக் கிடத்திய கம்புகளைத் தாண்ட வைத்தால் ஒவ்வொரு காலையும் தனித்தனியே தூக்கப் பழகும். ‘தாளம் தப்புதல்’, ‘தாளம் கூடுதல்’ என்று வினையாகவும் வரும்; லயம் அப்படி இலகுவில் வளையாது.

கட்டுரையில் அலுங்காநடை, ஒருபுறநடை, முன்பாரம், தாளம் என்ற நான்கையும் போட்டு மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். கிடத்திய கம்புக்குத்தான் இன்னும் ஒரு சொல் வேண்டும். ‘தாண்டுகம்பு’ என்றால் பாய்ந்து தாண்டுவதாகிவிடுமோ?

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து