அம்மாவின் தசை வலு குறைந்து வருகிறது: பயிற்சிக்கு வழி தேவை

வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோவில் என்னுடன் வசிக்கும் அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. ஓராண்டாக அவருடைய எடை 58 கிலோவிலேயே இருக்கிறது. ஆனால் தொடையும் கெண்டைக்காலும் மெலிந்து, வயிறு பருத்திருக்கிறது. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பினால் எடை மாறாது என்பதால், இந்த மாற்றம் எங்கள் கண்ணில் தாமதமாகவே பட்டது. தாழ்வான சோபாவிலிருந்து கையூன்றாமல் அவரால் எழ முடியவில்லை. மேம்பாலப் படிகளைத் தவிர்க்கிறார்.

இயன்முறைச் சிகிச்சையாளர் அளந்தபோது கைப்பிடி வலு 14 கிலோ. நாற்காலியில் ஐந்து முறை உட்கார்ந்து எழ 17 வினாடி. சார்கோபீனியா என்பது முதுமையில் தசையும் அதன் வலுவும் குறையும் நிலை. ஆசிய சார்கோபீனியா பணிக்குழு 2019இல் வகுத்த வரம்புப்படி, பெண்களுக்குக் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் குறைந்தாலோ, எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலோ கவனிக்க வேண்டும்.

மாலை நடையை விடாமல் தொடர்கிறார். மூச்சு வாங்குவது குறைந்ததே தவிர, கால் வலு கூடவில்லை. மீன், முட்டை, பயறு ஆகியவற்றைக் கூட்டினோம். வைட்டமின் டி அளவு சரியாக உள்ளது. முதியோர் நிலையத்து நாற்காலிப் பயிற்சிக்கு விரும்பிச் செல்கிறார். ஆனால் அங்கே சுமை கூடுவதே இல்லை. சுமை கூடாமல் தசை வலுப்பெறுவது கடினம் என்றே கருதுகிறேன். அருகிலுள்ள உடற்பயிற்சிக்கூடத்தில், முழங்கால் தேய்மானம் என்றதும் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள்.

இத்தகைய முழங்கால் உள்ள முதியவருக்கு, சுமையைப் படிப்படியாகக் கூட்டி, நேரில் கண்காணித்துப் பயிற்சி தரும் இடம் தோ பாயோ, பீஷான் வட்டாரத்தில் எங்கே உள்ளது?