மோசடிச் செய்தியில் உங்கள் வீதியும் வந்ததா? அனுபவத்தை எழுதுங்கள்

கொங்குக்காரி:
2012இல் ஈமு கோழிப் பண்ணை என்று முதலீடு வாங்கி ஏமாற்றிய விவகாரம் வெடித்தபோது பெருந்துறைப் பக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீதி அக்கா ஒருவர் அப்படிப்பட்ட ஒரு பண்ணைக் கம்பெனியில் ரசீது எழுதும் வேலையில் இருந்தார், மாதச் சம்பளம்தான், கமிஷன்கூடக் கிடையாது. முதலாளி தலைமறைவானதும் கேமராக்காரர்கள் அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் மைக்கை நீட்டி, "அம்மா எங்க பாப்பா? பணத்த எங்க வெச்சிருக்காங்க?" அவள் புத்தகப்பையை முன்னால் இழுத்துச் சட்டையில் இருந்த பேட்ஜை மறைத்துக்கொண்டாள். ராத்திரிச் செய்தியில் முகம் அப்படியே வந்தது. கடைசியில் வழக்கில் அக்கா வெறும் சாட்சி. அதை எந்த சேனலும் சொல்லவில்லை.

பழைய நிருபர்:
நான் நாளிதழில் இருந்தபோது ஒரு நிதி நிறுவனத்தில் டெபாசிட் போட்டவர்களின் பட்டியல் கைக்கு வந்தது. பெயர், செல் நம்பர், தொகை எல்லாம் இருந்தது. ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே பேனாவில் "மகனுக்குத் தெரியக் கூடாது" என்று யாரோ குறித்திருந்தார்கள். டெஸ்கில் பட்டியலை அப்படியே படமாகப் போடச் சொன்னார்கள், ஆதாரம் வேண்டுமாம். ஆதாரத்துக்கு மொத்தத் தொகையும் பெயர் மறைத்த ஒரு ரசீதும் போதும் என்று சண்டை போட்டேன். நிறுவனத்தின் பெயரைப் போட்டோம், மேலாளரைக் கூப்பிட்டு அவர் தரப்பையும் கேட்டுப் போட்டோம். நாங்கள் போடாமல் விட்ட பட்டியலை மறுநாள் இன்னொரு பத்திரிகை முழுசாகப் போட்டது.

பணம் போனவன்:
மேலே இருக்கும் இருவரும் சொல்வது சரி, ஆனால் எல்லாரும் இப்படி அடக்கி வாசித்தால் நாங்கள் எங்கே போவது? "பிரபல தனியார் நிறுவனம் மீது புகார்" என்று டீக்கடையில் ஒரு செய்தி படித்தேன். பெயர் இல்லை. அதே வாரம் நகையை அடகு வைத்து அதே நிறுவனத்தில் கட்டினேன். பெயர் போட்டிருந்தால் கட்டியிருக்க மாட்டேன். கொங்குக்காரி, ரசீது எழுதியவருக்கு ஒன்றுமே தெரியாது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

கொங்குக்காரி:
தெரிந்திருந்தால் போலீஸ் கேட்கட்டும் அண்ணா. அந்தப் பிள்ளையிடம் ஏன் கேட்க வேண்டும்?

வக்கீல் குமாஸ்தா:
எங்கள் ஆபீஸுக்கும் இப்படி ஒருவர் வந்தார், பெயர் ஒத்துப்போனதால் அவர் படத்தைப் போட்டுவிட்டார்கள். அது இருக்கட்டும், ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடும் விஷயத்தில் நக்கீரன் பத்திரிகை போட்ட வழக்கில் 1994இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நீதிமன்ற ஆவணம் மாதிரிப் பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், ஆனால் ஒருவரின் குடும்பம், பிள்ளைகள் விஷயத்தை அனுமதியில்லாமல் எழுதக் கூடாது என்கிறது, அது உண்மையாகவே இருந்தாலும். அதனால் நிறுவனம், இயக்குநர்கள், எஃப்ஐஆர் பற்றி எழுதப் பயப்பட வேண்டாம். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லிப் பிரஸ் கவுன்சில் நெறிமுறையே இருக்கிறது. பணம் போனவர்கள் அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். டிவிக்குப் போவதற்கு முன் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. ஆருத்ரா நிதி நிறுவன மோசடி மாதிரி 2,438 கோடி ரூபாய், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று போகும்போது வருஷக்கணக்கில் இழுக்கும், அதனால் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மதுரை மருமகள்:
பழைய நிருபர் சொன்ன மாதிரிப் பட்டியல் ஒன்றில் என் மாமனார் பேரும் வெளியே வந்தது. இப்போது யார் யாரோ கூப்பிட்டு, "உங்க பணத்த மீட்டுத் தர்றோம், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்கிறார்கள். அவர் போட்ட தொகையை ரூபாய் மாறாமல் சொல்கிறார்கள். போன வாரம் மாமா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார், செருப்பு மாட்டும்போதுதான் பார்த்து நிறுத்தினேன்.