பந்தல் டூட்டி போட கம்ப்யூட்டர் உதவுமா?

ஜெலுத்தோங்_பையன்:
தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறது. டூட்டி பிரிப்பது என் தலையில். ஆள் 9 பேர், நிபந்தனை 14. மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம். சாட்போட்டிடம் கேட்டேன். அழகான அட்டவணை கொடுத்தது, அதில் அத்தை ஒரே நேரத்தில் பந்தலிலும் இருக்கிறார், சமையலிலும் இருக்கிறார்! வேறு வழி உண்டா?

பாயான்லெப்பாஸ்_அண்ணன்:
தம்பி, உனக்கு வேண்டியது சால்வர், அதாவது கொடுத்த நிபந்தனை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் விடையைத் தேடும் நிரல். இசட்3 (Z3) என்று ஒன்று இருக்கிறது, இலவசம், பைத்தான் நிரல்மொழியிலேயே எழுதலாம். ஒரு நிபந்தனைக்கு ஒரு வரி. ஒத்தே வராது என்றால் 'அன்சாட்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். விதிகளுக்குப் பெயர் வைத்துக் கேட்டால், எவை முட்டிக்கொள்கின்றன என்றும் காட்டும்.

செந்தூல்_டீச்சர்:
மூளை துருப்பிடிக்காதா? எந்த வரைபடத்திலும் ஒட்டியிருக்கும் பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நான்கு வண்ணம் போதும் என்பது நான்கு வண்ணத் தேற்றம். 1976-இல் கணிதவியலாளர்கள் அப்பெல், ஹாக்கன் இருவரும் அதைக் கம்ப்யூட்டர் துணையோடு நிறுவியபோதே பலர் முகம் சுளித்தார்கள். பிறகு 2005-இல் கோந்தியே என்பவர் அந்த நிறுவலை காக் (Coq) என்ற, நிறுவல்களைச் சரிபார்க்கும் நிரலில் படிப்படியாகச் சரிபார்த்தார். சரி, விதியை எழுதுவது நாம்தானே.

ஜெலுத்தோங்_பையன்:
போட்டுப் பார்த்தேன் அண்ணா. அன்சாட்! 14-இல் நாலைத்தான் காட்டியது. இரவில் வேன் ஓட்ட ஆள் வேண்டும். ஓட்டத் தெரிந்தது நானும் மாமாவும்தான். மாமாவுக்கு இரவில் கண் கூசும். நான் விடிகாலை பால்குடம் எடுப்பதால் இரவுக்கு வரமாட்டேன். இத்தனை நாள் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. மாமா மகளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். அவளிடம் யார் போய்க் கேட்பது என்பதை மட்டும் இசட்3 சொல்ல மாட்டேன் என்கிறது.